கொதித்த பிறகும் மிஞ்சியது

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் பெண், "மேடம், வந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். போனேன். மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. குழாயில் தண்ணீரை எடுத்து, ஒரு பொட்டலப் பொடியைப் போட்டுக் குலுக்கி, வந்த நிறத்தை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுகிறார்கள். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். எங்கள் காலத்தில் அதற்கு அரை நாள் ஆகும்.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "ரிசல்ட் வந்து, அதை அனுப்பியும் விட்டாச்சுன்னா, அதுக்கு மேல நம்ம பொறுப்பு என்ன மேடம்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் லூர்துமேரி. அப்பா கன்னிவாடிப் பக்கம் கத்தரியும் வெண்டையும் போட்டுக்கொண்டிருந்தவர். கிணறு வற்றி நிலம் கைவிட்டதும் குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டார். நான் வேதியியல் படித்தேன். சில வருடங்கள் தற்காலிக வேலை, ஒரு தேர்வு, பிறகு நிரந்தரப் பணி. முப்பது வருடத்துக்கும் மேல் ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்து வந்து சோதித்ததுதான் என் வேலை. ஆறு, கிணறு, ஆழ்துளை, மேல்நிலைத் தொட்டி என்று எல்லாமும் வரும்.

வேலையில் சேர்ந்தபோதே தனபாலன் சார் அங்கே இருந்தார். பின்னாளில் அவரே தலைமை வேதியியலாளர் ஆனார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முடிவை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் முழுவதும் படித்துவிட்டு, "வேற?" என்பார். தண்ணீரில் வேறு என்ன பார்த்தாய், எடுத்த இடத்தில் வேறு என்ன இருந்தது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஒன்றுமில்லை என்றால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு நாள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. குளோரைடு சோதனை, அதாவது தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது. கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு, தண்ணீர் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வேண்டும். நான் ஒரு முறை செய்தேன். இரண்டாவது எண்ணை முதல் எண்ணுக்கு அருகில் இருக்கும்படி நானே எழுதிவிட்டேன். சார் தாளைப் பார்த்தார். பிறகு பியூரெட்டைப் பார்த்தார்.

"ஏம்மா மேரி, ரெண்டாவது தடவ எப்ப விட்ட?"

"இப்பத்தான் சார்."

"மருந்து ஒரு தடவைக்கு இறங்குன அளவுதான இறங்கியிருக்கு."

அவர் திட்டவில்லை. பியூரெட்டைத் தானே கழுவி, நிரப்பி, என் முன் வைத்தார். நான் மூன்று முறை செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம்தான், நான் சோதித்த அந்தத் தண்ணீர்ப் பாட்டில் எந்த ஊரிலிருந்தும் வந்ததில்லை, அவரே உப்பை அளந்து கலந்து, பெயர் ஒட்டி என் வரிசையில் வைத்தது என்று தெரிந்தது. அவர் ஓய்வு பெறும்வரை எங்கள் எல்லாரின் வரிசையிலும் அப்படி ஒரு பாட்டில் எப்போது வரும் என்று தெரியாது. பாட்டிலைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் வந்து போகும். அந்தப் பயம் நல்லதென்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பு நடந்தது.

ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே, மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு ஒன்றின் கரையில் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே அந்த ஆற்றுக்குத் தனிப் பெயர் சொல்ல மாட்டார்கள், ஆறு என்றுதான் சொல்வார்கள். இரண்டு கரையிலும் சின்ன வெங்காயம், கத்தரி, சம்பங்கிப் பூ, கொஞ்சம் தென்னை. ஆற்று மணலுக்குள் சிமெண்டு உறை இறக்கிய கிணறுதான் ஊருக்குக் குடிதண்ணீர். அதிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருக்குழாயில் விடுவார்கள்.

ஒரு ஐப்பசியில் அந்த ஊரில் பலருக்கும் வயிற்றுப்போக்கு. நாங்கள் போனோம். ஆற்றில் அப்போது முழங்கால் வரை தண்ணீர் ஓடியது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்று மேலே, கழிவறைத் தொட்டி சுத்தம் செய்யும் லாரி வந்து போன தடம் ஈர மண்ணில் தெளிவாகத் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரில் மலக்கிருமி இருந்தது. நைட்ரேட் என்னும் உப்பையும் பார்த்தோம். அது உரத்திலிருந்தும் சாணம், கழிவுகளிலிருந்தும் தண்ணீரில் சேரும். குடிநீருக்கு அனுமதித்த எல்லைக்கு உட்பட்டுத்தான் இருந்தது, ஆனால் எல்லையை ஒட்டி இருந்தது. தாளில் எழுதிக் கொடுத்தேன். சார் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் மகளிர் குழுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். முன்வரிசையில் மகேஸ்வரி என்ற பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிய நல்லா கொதிக்க விட்டுக் குடிங்க. லேசா சூடு பண்ணுனா பத்தாது. தளதளன்னு கொதிக்கணும். கைப்பிள்ளைக்கு இன்னும் கூடவே காய்ச்சுங்க" என்றேன்.

மகேஸ்வரி கையைத் தூக்கினாள். "எம்புட்டு நேரம்கா?"

"எம்புட்டுக்கு எம்புட்டு காய்ச்சுறியோ அம்புட்டுக்கு நல்லது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் நன்றாக நடந்ததென்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மழை நின்றது. தை, மாசி போய்ப் பங்குனி வந்தது. அந்த ஊரை நான் மறந்தே விட்டேன். எங்கள் அட்டவணைப்படி அந்தக் கிணற்றுக்கு அடுத்த சோதனை ஆனியில்தான்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலிருந்து சாருக்குத் தொலைபேசி வந்தது. இரண்டரை மாதப் பெண் குழந்தை. உதடும் நகமும் நீலம் பாரித்துச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நெஞ்சில் சளி இல்லை, இதயத்தில் கோளாறு தெரியவில்லை. ஊசியில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கிறது. அந்த மருத்துவர் கெட்டிக்காரி. குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பால்பொடி என்றார்களாம். எந்தத் தண்ணீரில் என்று அடுத்துக் கேட்டிருக்கிறாள்.

சார் என்னைக் கூப்பிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னார். தண்ணீரை வாங்கி வர நானே போனேன்.

வார்டு வாசலில் மகேஸ்வரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பிரசவத்துக்குப் பின் டைபாய்டு வந்து பால் வற்றிவிட்டது, அதனால்தான் பால்பொடி என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரிதான்கா செஞ்சேன். ஒரு தடவ காய்ச்சி, ஆற வச்சு, மறுபடியும் காய்ச்சுவேன். பாதியா வத்துற வரைக்கும் விடுவேன். வேணும்னா எங்க அத்தைகிட்டக் கேளுங்க. அடுப்ப விட்டு நகர மாட்டேன்கா."

குழந்தைக்குச் சரியாகிவிடும் என்றுகூட நான் சொல்லவில்லை. அவள் கணவர் கொடுத்த குழாய்த் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூடத்தில் புதுக் கருவி இருந்தது. ஆனாலும் முக்கியமான மாதிரி என்றால் பழைய முறையிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது சாரின் விதி. அந்த முறையில் தண்ணீரை ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, கொதிநீர்த் தொட்டியின் மேல் வைத்து முழுவதும் ஆவியாக விட வேண்டும். தண்ணீர் போய்விடும். அதிலிருந்த உப்பு மட்டும் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதில் அமிலம் விட்டுத் தேய்த்து, பிறகு அம்மோனியா சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் கூடக்கூட நைட்ரேட் கூடுதல் என்று பொருள்.

கிண்ணத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் விளிம்பிலிருந்து சுருங்கிச் சுருங்கி நடுவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக இதைச் செய்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தங்கிவிடும் என்பதை நம்பித்தான் இந்தச் சோதனையே நடக்கிறது. அந்தப் பெண் தண்ணீரைப் பாதியாக வற்றவிட்டாள். ஆகவே குழந்தைக்கு இரண்டு மடங்காகக் கொடுத்திருக்கிறாள். கொடுக்கச் சொன்னது நான்.

அமிலத்தைத் தேய்த்து அம்மோனியா விட்டேன். குழாய்த் தண்ணீரே எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. மஞ்சள் அவ்வளவு அடர்த்தி. காய்ச்சிய தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

தாளைக் கொண்டுபோய் சார் மேசையில் வைத்தேன். படித்தார். உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார்" என்றேன். தாளைத் திருப்பித் தரவில்லை அவர். அது ஏனென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்கு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அன்று சாயங்காலமே உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், ஒரு மணியைக்கூட உருட்ட முடியவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது என்ற நிம்மதி வர வேண்டிய இடத்தில், அந்த நாற்பது பெண்களில் இன்னும் எத்தனை பேர் அடுப்படியில் நின்று வற்ற வற்றக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்களோ என்ற எண்ணம்தான் வந்தது. சோதனை முடிவு வந்த மறுநாளே அந்த ஊருக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன். கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், காய்ச்சியும் வேண்டாம் என்றேன். வேறு கைக்குழந்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை. அந்த வீட்டு வாசலிலேயே செத்த நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் முன்பு காய்ச்சச் சொன்னது நான்தான் என்பதை எந்த வீட்டிலும் சொல்லவில்லை. மகேஸ்வரி வீட்டு வாசல் வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கிணற்றுக்கு அந்த நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். சாரும் நானும் காலை ஆறு மணிக்கே மலையடிவாரத்தில் இறங்கி, ஆற்றோடு நடந்தே வந்தோம். ஏழு இடத்தில் எடுப்பது என்று திட்டம். ஒவ்வொரு இடத்திலும் பாட்டிலை அந்த இடத்துத் தண்ணீராலேயே மூன்று முறை அலச வேண்டும். கழுத்தைத் தொடக் கூடாது. வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, கால் கலக்கிய மண் வராதபடி கை நீட்டி எடுக்க வேண்டும். கிருமி பார்க்கும் பாட்டில் மட்டும் வேறு. அதை அலசவே கூடாது. சாருக்கு அப்போது ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மூட்டு வலி. ஆனாலும் ஒரு இடத்தில்கூடக் கரையிலிருந்து எட்டி எடுக்கவில்லை, இறங்கித்தான் எடுத்தார்.

அடிவாரத்தில் தண்ணீர் பளிங்காக இருந்தது. அங்கிருந்து கீழே வர வர ஆறு மெலிந்தது. ஆற்று மணலில் குழி பறித்து, அதில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்துக் கரையோர வெங்காய, கத்தரிக் காடுகளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டே வந்தேன், பதினொன்று. கடைசி மோட்டாரைத் தாண்டியபோது ஆறு என்று சொல்ல மணலில் ஒரு ஈரக்கோடுதான் மிச்சம். உறைகிணறு அங்கேதான் இருந்தது.

சார் மணலில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: "ஆத்துத் தண்ணி காட்டுக்கு ஏறுது. அங்க யூரியாவக் கரைச்சுக்கிட்டு, மணல் மண்ணுல வடிஞ்சு, திரும்ப இங்கயே இறங்குது. மறுநாள் அதையே மறுபடி இழுக்குறாங்க. மழைக் காலத்துல ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிரும். இப்ப அடிச்சுக்கிட்டுப் போக ஆறு இல்ல."

கிணற்றை ஒட்டிய வெங்காயக் காட்டில் ஒரு பெரியவர் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் பெயர் முத்தையா. மகேஸ்வரியின் மாமனார், அதாவது அந்தக் குழந்தையின் தாத்தா. எனக்கு அது அப்போதுதான் தெரியும். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார்.

"எம்புட்டு யூரியா போடுவீங்கய்யா?" என்று கேட்டேன்.

"பக்கத்துக் காட்டுக்காரன் ரெண்டு மூடை போட்டா நான் ரெண்டரை போடுவேன்மா. பயிர் கருகருன்னு இருந்தாத்தான் மனசு நெறயுது" என்றார். பிறகு எங்கள் பாட்டில்களைப் பார்த்தார். "இதை எதுக்கும்மா எடுக்குறீங்க?"

சார், "பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்.

முடிவு வந்தது. காடுகளைத் தாண்டும் இடத்தில் நைட்ரேட் ஏறியது. படித்துறையைத் தாண்டியதும் இன்னும் ஏறியது. அங்கே வீட்டுக் கழிவோடு வரும் குளோரைடும் மலக்கிருமியும் சேர்ந்து ஏறின. ஆக, உரமும் உண்டு, வீட்டுக் கழிவும் உண்டு. கிணற்றில் எல்லாம் சேர்ந்து உச்சத்தில் இருந்தது.

ஊராட்சிக் கூடத்தில் ஒரு முற்பகலில் கூட்டம் போட்டார்கள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. காட்டுக்காரர்கள் ஒரு பக்கம்: "கக்கூஸ் லாரிய ஆத்துல விடச் சொன்னது யாரு? அதப் பேசுங்க மொதல்ல." தெருக்காரர்கள் ஒரு பக்கம்: "ஆத்தையே உறிஞ்சிட்டு எங்களச் சொல்றீகளா?" எங்கள் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

அந்த இரைச்சலில் நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "இம்புட்டுப் பேச்சு எதுக்கு? ஊரே அதே தண்ணியத்தான் குடிக்குது. எங்க பிள்ளைகளுக்கு எதுவும் ஆச்சா? அவ ஒழுங்கா காய்ச்சல. சோம்பேறித்தனம். அதுக்கு ஊரைக் கூட்டி ஆர்ப்பாட்டம்."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமைதியானது. எல்லாருக்கும் வசதியான பதில் கிடைத்துவிட்டது போல இருந்தது. சிலர் தலையாட்டினார்கள். மகேஸ்வரி கடைசியில் தூணை ஒட்டிப் பிள்ளையோடு நின்றிருந்தாள். முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள். அவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

நான் எழுந்து நின்றேன். என்ன பேசப்போகிறேன் என்று தெரியாமல்தான் எழுந்தேன்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. காய்ச்சச் சொன்னது நான். இதே ஊர்ல, உங்க முன்னாடிதான் சொன்னேன். எம்புட்டுக் காய்ச்சுனாலும் நல்லதுன்னு சொன்னேன். கிருமிக்கு அது சரி. இந்த உப்புக்கு அது தப்பு. காய்ச்சக் காய்ச்சத் தண்ணிதான் கொறையும், உப்பு கொறையாது."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மெதுவாக, "ஆமா, கொழம்பு வத்துனா உப்புக் கூடிரும்ல" என்றாள்.

அவள் குற்றம் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். எனக்குத்தான் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரிந்த விஷயம். நான் தினமும் கிண்ணத்தில் பார்க்கும் விஷயம். அன்றைக்கு எனக்கு ஏன் அது வாயில் வரவில்லை?

"வளந்த நமக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் சட்டுனு ஒண்ணும் தெரியாது. ஆறு மாசத்துக்கு உள்ள இருக்குற கைப்பிள்ளைக்குத்தான் அது ரத்தத்தக் கெடுக்கும். இவ காய்ச்சாம இருந்திருந்தாக்கூட இம்புட்டு ஆயிருக்காது. நான் சொன்னத அப்படியே கேட்டதுதான் இவ செஞ்சது" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

முத்தையா எழுந்தார். சாரைப் பார்த்துக் கேட்டார். "என் காட்டுத் தண்ணியாய்யா அது? என் பேத்தி குடிச்சது?"

சார் தாளை மடித்துப் பையில் வைத்தார். "உங்க காட்டுதும் இருக்கு. மேல் காட்டுதும் இருக்கு. லாரிக்காரன் கொட்டுனதும், தெருக் கக்கூஸ் குழியில இருந்து கசிஞ்சதும் இருக்கு. ஆத்துல தண்ணி ஓடியிருந்தா இதுல பாதி தெரிஞ்சிருக்காது. இன்னாரு இம்புட்டுன்னு பிரிச்சு எழுத எனக்குத் தெரியாதுங்க. எல்லாம் ஒரே தண்ணி."

முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தங்களில் ஒன்று நின்றது. கூட்டத்தில் எல்லாருக்கும் அது கேட்டது.

மற்ற பத்தும் ஓடின. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருடம் முத்தையாவின் வெங்காயம் பாதிக்கு மேல் காய்ந்தது. பக்கத்துக் காட்டில் விளைந்தது. உறைகிணற்றைப் பூட்டி, லாரியில் வேறு தண்ணீர் கொண்டுவந்தார்கள். கழிவு லாரி ஊருக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் மூன்றாகப் பிரித்துப் போட வேளாண்மைத் துறையிலிருந்து வந்து சொன்னார்கள். சிலர் கேட்டார்கள். சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

கூட்டம் முடிந்து பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பியதும் சார், முன்பு திருப்பித் தராமல் வைத்திருந்த என் தாளை எடுத்து என் முன் வைத்தார். அடியில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"அங்க சொன்னத இங்க எழுதும்மா."

"எழுதுனா வேல போயிருமா சார்?"

"தெரியாது" என்றார். "ஐப்பசியில நீ குடுத்த தாள்ல கையெழுத்துப் போட்டது நானு. நைட்ரேட் எல்லைய ஒட்டி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். கோடை வரும், ஆறு வத்தும், நடுவுல ஒரு தடவ எடுத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணல. அதையும் எழுது."

எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். சில மாதம் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு இருவருக்கும் கடிதம் வந்தது. ஐந்து மாதம் அந்த முடிவுக்குக் காத்திருந்தேன். கடைசியில் நடவடிக்கை ஏதும் வரவில்லை. நைட்ரேட் பார்க்காமல் யாருக்கும் பொதுவாகக் காய்ச்சச் சொல்லக் கூடாது என்று எங்கள் கூடங்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்குள் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போகும் நாளில் மாலை போட்டபோதும் பொத்தானைக் கழற்றவில்லை.

கூட்டம் முடிந்த மறுவாரம் நான் மகேஸ்வரி வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், திட்டட்டும் என்று தயாராகப் போனேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். லாரித் தண்ணீர் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சரிக்கா. இனிமே என்ன செய்யணும்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லும் அடுத்த வார்த்தை மறுபடியும் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். "லாரித் தண்ணி மட்டும் குடு. அதையும் நான் பாத்துட்டேன், இந்த வாரம் சரியா இருக்கு. அடுத்த வாரம் மறுபடி பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

சொன்னபடி அடுத்த வாரம் போனேன். ஒரு வருடம் வாரா வாரம் போனேன், அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை. இரண்டு நல்ல மழை பெய்து ஆறு ஓடியதும் கிணற்றில் நைட்ரேட் இறங்கியது. பூட்டைத் திறந்தார்கள். மூன்றாவது வருடம் மழை பொய்த்தது, மோட்டார்கள் பதினான்காயின, மறுபடி ஏறியது, மறுபடி பூட்டினார்கள். முத்தையா சொட்டுநீர் போட்டுக் கத்தரிக்கு மாறிவிட்டார். இரண்டு பேர் அவரைப் பார்த்து மாறினார்கள். வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வு பெறும் மாதத்தில் கடைசியாக ஒரு தடவை போனேன். கிணறு திறந்திருந்தது. அந்தப் பிள்ளை யாழினி பள்ளிச் சீருடையோடு தெருக்குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மகேஸ்வரி அவளை விலக்கிவிட்டு என்னிடம் வந்தாள். அவள் தங்கைக்குப் பிரசவமாகி இருபது நாள். இங்கேதான் இருக்கிறாள் என்றாள்.

"குடிக்கலாமாக்கா?"

"இந்த மாசம் குடிக்கலாம்."

"கைப்பிள்ளைக்கு?"

"எல்லைக்கு உள்ளதான் இருக்கு. ஆனா போன மாசத்துக்கு ஏறியிருக்கு. கைப்பிள்ளைக்கு வேண்டாம்."

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசம் நான் வர மாட்டேன், மகேஸ்வரி. வேற ஆள் வருவாங்க."

அவள் முகம் மாறியது. "அவுங்க சொன்னா நம்பலாமாக்கா?"

நம்பு என்று சொல்ல மனம் வரவில்லை. நம்பாதே என்றும் சொல்ல முடியாது.

"குடிக்கலாம்னு சொன்னாங்கன்னா, எதைப் பாத்துட்டுச் சொல்றீங்க, எதைப் பாக்கலைன்னு கேளு. பதில் வர்ற வரைக்கும் கேளு. கோவிச்சுக்கிட்டாலும் கேளு."

மகேஸ்வரி உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து அதை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, தலை நிமிர்ந்து, "அப்படின்னா இப்ப உங்களையே கேக்குறேன்கா, நீங்க எதைப் பாக்கல?" என்றாள்.

பூச்சிமருந்து பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் வசதி எங்கள் கூடத்தில் இல்லை. அதை அவளிடம் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.